காரோட வாட்டர் பம்ப்ல சொட்டுது, லீக் ஸ்டாப் ஊத்தினா நிக்குமா?

மார்ச் 3, காலை 7.40 · எல்போர்டு

ராத்திரி நிறுத்தின வண்டிக்கு அடியில, பெல்ட் இருக்கற பக்கமா, காலையில உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைத் தண்ணி. ரிசர்வ் டேங்க்ல லெவல் கீழ்க்கோட்டுக்கும் கீழ போயிடுச்சு. பெட்ரோல் இன்ஜின், நாலு சிலிண்டர். டெம்பரேச்சர் முள் எப்பவும் நிக்கற இடத்துலயேதான் நிக்குது. வாட்டர் பம்ப் போயிருக்கும், டைமிங் பெல்ட்டைக் கழட்டணும், பெரிய வேலைன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. ஒரு டப்பா லீக் ஸ்டாப் ஊத்தினா நின்னுடும்னு இன்னொரு தரப்பு. முள் ஏறாத வரைக்கும் தண்ணி ஊத்தி ஓட்டிக்கலாம்தானே?

மார்ச் 3, காலை 9.15 · வீப்ஹோல்

ஒழுகுறது பம்ப் சீல்னா லீக் ஸ்டாப்ல நிக்காது.

பம்ப் ஷாஃப்ட்டைச் சுத்தி இருக்கறது மெக்கானிக்கல் சீல். ஒரு முகம் கார்பன், எதிர் முகம் செராமிக் இல்லன்னா சிலிக்கான் கார்பைடு. ஒண்ணு ஷாஃப்ட்டோட சேர்ந்து சுத்தும், இன்னொண்ணு பாடியில நிலையா இருக்கும், ஸ்பிரிங் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு அழுத்திப் பிடிக்கும். நடுவுல மெல்லிசா ஒரு கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கற அந்தப் பச்சைத் தண்ணி) படலம் நின்னு அந்த முகங்களைத் தேயாம காப்பாத்துது. லீக் ஸ்டாப்ல இருக்கற நாரும் துகளும் அசையாத விரிசல்ல போய் அடைக்கறதுக்குன்னு செஞ்சது. சுத்திக்கிட்டே இருக்கற ரெண்டு முகத்துக்கு நடுவுல அது போனா அடைக்காது, தேய்க்கும். மிச்சம் ஹீட்டர் கோர்லயும் (வண்டிக்குள்ள சூடு தர்ற குட்டி ரேடியேட்டர்) ரேடியேட்டரோட சன்னமான குழாய்கள்லயும் படியும். ஒரு ஒழுகலுக்காக ஊத்தி, ரெண்டு அடைப்பை வாங்கிக்கற கதை.

சீலைத் தாண்டி வர்ற தண்ணி பேரிங்குக்குப் போயிடக் கூடாதுன்னு பம்ப் பாடியோட அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. அதுதான் வீப் ஹோல். அதுலேர்ந்து சொட்டுதுன்னா சீல் தன் ஆயுசை முடிச்சிக்கிச்சு. அந்த ஓட்டையை எம்-சீல் வச்சு அடைக்கற வித்தையையும் யாராவது சொல்லுவாங்க, காதுல போட்டுக்காதீங்க. வெளிய வழியில்லாத தண்ணி பேரிங்குக்குள்ள போகும், கிரீஸைக் கழுவிடும், பேரிங் ஆட ஆரம்பிக்கும், புல்லி சாயும், பெல்ட் கழண்டுடும். உங்க வண்டியில பம்ப்பைச் சுத்தறது டைமிங் பெல்ட்டுனா (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓடவைக்கற பெல்ட்), அது பல் தாவினா பல இன்ஜின்கள்ல வால்வு பிஸ்டன்ல இடிக்கும். அதோட செலவு பம்ப்பை மாத்தற செலவோட ஒப்பிடவே முடியாது.

மார்ச் 3, காலை 9.22 · வீப்ஹோல்

முள் விஷயம் விட்டுப்போச்சு. அதை நம்பாதீங்க. இப்போ வர்ற பல வண்டியில முள்ளை வேணும்னே மந்தமா வச்சிருக்காங்க. ஏறக்குறைய 75 டிகிரியிலேர்ந்து 105 டிகிரி வரைக்கும் நடுவுலயே நிக்கும். அது நகர ஆரம்பிக்கும்போது விஷயம் முத்திப்போயிருக்கும். இன்னொண்ணு, சென்சாரோட முனை கூலன்ட்ல முங்கியிருந்தாத்தான் சரியான கணக்கு சொல்லும். லெவல் இறங்கி சென்சார் காத்துல நின்னா, இன்ஜின் கொதிச்சிட்டிருக்கும்போதே முள் கீழ இறங்கினாலும் இறங்கும்.

முள்ளைவிட ஹீட்டர் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஹீட்டர் போட்டு, சூடு வந்துட்டிருந்தது திடீர்னு குளிர் காத்தா மாறினா கூலன்ட் தீர்ந்துட்டு வருதுன்னு அர்த்தம். ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திடணும்.

மார்ச் 3, காலை 11.05 · பதிமூணு ஸ்பேனர்

பம்ப்தான்னு முடிவு பண்ணிட்டீங்களா? பெல்ட் பக்கம் ஒழுகுறதெல்லாம் பம்ப் இல்ல. மேல இருக்கற தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கற வால்வு) ஹவுசிங், பைபாஸ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் கிளிப், பம்ப்புக்குப் பின்னாடி போற இரும்புக் குழாயோட ஓ-ரிங், இதெல்லாம் ஒழுகினாலும் தண்ணி வழிஞ்சு பம்ப் மேலதான் வந்து சேரும். ஓடும்போது காத்து வேற அதைப் பின்னாடி அடிச்சிட்டுப் போயிடும். கீழ சொட்டுற இடம் ஒழுகுற இடம் இல்ல. நனைஞ்சிருக்கறதுலயே ரொம்ப மேல இருக்கற புள்ளியைத் தேடுங்க.

ஏசி தண்ணியையும் பார்த்துக்கங்க. நிறமில்லாம, வாசனையில்லாம, தொட்டா பிசுக்கில்லாம இருந்தா அது ஏசி வடிகால், பேசாம விட்டுடலாம். கூலன்ட்னா வழவழன்னு இருக்கும், இனிப்பா ஒரு வாசனை வரும். பச்சைன்னு சொல்றதால உங்களுது கூலன்ட்தான்.

மார்ச் 3, பகல் 1.30 · வீப்ஹோல்

ஸ்பேனர் சொல்றது சரி. கண்டுபிடிக்கற வரிசை:

இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். ரேடியேட்டர் மூடியைக் கழட்டி பிரஷர் டெஸ்டரை (கையால காத்தடிச்சு அழுத்தம் ஏத்தற, முள் வச்ச கருவி) மாட்டுங்க. மூடி மேலேயே அழுத்தம் போட்டிருக்கும், பெரும்பாலும் 0.9லேர்ந்து 1.4 பார் வரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் மட்டும் பம்ப் பண்ணணும்; அதிகமா ஏத்தினா நல்லா இருக்கற ஹோஸும் பிளாஸ்டிக் டேங்க்கும் வாய் பிளக்கும். 15 நிமிஷம் விட்டுட்டு டெஸ்டர் முள் இறங்குதான்னு பாருங்க. இறங்கினா டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கிட்டு பம்ப் அடிப்பக்கம் பாருங்க. மெக்கானிக் வேலைக்குன்னு விக்கற கைப்பிடி வச்ச கண்ணாடிதான்னு இல்ல, பழைய ஷேவிங் கண்ணாடியும் போதும்.

குளிர்ல ஒழுகாம சூட்டுல மட்டும் ஒழுகறதும் உண்டு, அதுக்கு நேர்மாறாவும் உண்டு. ஆறும்போது உலோகம் சுருங்கி இடைவெளி விடும், அதனாலதான் ராத்திரி நிறுத்தின வண்டி காலையில குளம் கட்டியிருக்கும். குளிர்ல டெஸ்டர் முள் இறங்கலைன்னா இன்ஜினை மிதமா சூடாக்கி இன்னொரு தரம் பார்க்கணும்.

அப்பவும் தெரியலைன்னா கூலன்ட்டுக்குன்னு வர்ற யுவி சாயத்தைக் கலந்து ரெண்டு நாள் ஓட்டிட்டு, இருட்டுல யுவி டார்ச் அடிங்க. வந்த பாதை மஞ்சப்பச்சையா ஒளிரும்.

வீப் ஹோலைச் சுத்திக் காஞ்ச கறை மட்டும் லேசா இருந்தா பயப்பட வேண்டாம். எல்லா மெக்கானிக்கல் சீலும் கொஞ்சம் ஆவி விடத்தான் செய்யும். ஈரமா இருந்தாலும் சரி, பச்சையோ வெள்ளையோ உப்புப் பூத்த மாதிரி தடிமனா படிஞ்சு கீழ வரைக்கும் கோடு போட்டிருந்தாலும் சரி, பம்ப் போச்சு.

மார்ச் 3, பகல் 1.41 · வீப்ஹோல்

பேரிங் சோதனையும் சேர்த்துப் பண்ணுங்க. வெளி பெல்ட்ல ஓடற பம்ப்னா, இன்ஜின் நின்னிருக்கும்போது பெல்ட்டைக் கழட்டிட்டு புல்லியை மேல கீழ, முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க. ஆட்டமே இருக்கக் கூடாது. கையால சுத்தும்போது மணல் அரைபடற மாதிரி விரலுக்குத் தெரிஞ்சா பேரிங்கும் முடிஞ்சுது. சத்தம் பம்ப்லேர்ந்தா ஆல்டர்னேட்டர்லேர்ந்தான்னு குழப்பமா? அந்த பெல்ட் இல்லாம ஒரு அரை நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம், அதுக்கு மேல வேண்டாம், கூலன்ட் சுத்தாது. டைமிங் பெல்ட் வண்டியில இந்தச் சோதனையை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

மார்ச் 4, மாலை 6.10 · டீசல்வாசனை

வேலைக்கு நாள் குறிக்கற வரைக்கும் வண்டி ஓடியாகணும்னா, ரேடியேட்டர் மூடியை ஒரு நிலை லூசா வச்சு ஓட்டுங்க. அழுத்தம் ஏறாது, ஒழுகலும் பாதியா குறையும். பழைய டிரைவர்கள் எல்லாரும் பண்றதுதான்.

மார்ச் 4, மாலை 7.00 · வீப்ஹோல்

ஒழுகல் குறையும், வாஸ்தவம். கொதிநிலையும் கூடவே இறங்குமே, அதை ஏன் சொல்லலை? 50:50 கலவை வெளிக்காத்து அழுத்தத்துல ஏறக்குறைய 107 டிகிரியில கொதிக்கும். 1 பார் மூடி இறுக்கமா இருந்தா 129 பக்கம் போகும். இப்போ இருக்கற இன்ஜின்ல ஃபேன் ஓட ஆரம்பிக்கறதே 95-100 டிகிரியில. சிலிண்டர் ஹெட்ல எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் கூலன்ட் சூடு சென்சார் காட்டறதைவிட அதிகம். மூடி லூசா இருந்தா அந்த இடத்துல நீராவிக் குமிழி கட்டும், உலோகத்துல தண்ணியே படாது, ஹெட் வளையும். பம்ப்ல ஒழுகலைக் குறைக்கப் போய், ஹெட் கேஸ்கட்ல (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) புது ஒழுகல் திறக்கும்.

வழியில நின்னுட்டவருக்கு, பக்கத்துல இருக்கற ஒர்க்‌ஷாப் வரைக்கும் மெதுவா போய்ச் சேர்றதுக்கு, வேற வழியே இல்லைன்னா பண்ணலாம். தினப்படி ஓட்டத்துக்கு இல்ல.

மார்ச் 4, மாலை 7.25 · டீசல்வாசனை

பழைய டீசல் 80 டிகிரியில ஓடும், அதுக்குத் தாங்கும். புது பெட்ரோலுக்குத் தாங்காதுங்கறீங்க. ஒத்துக்கறேன்.

மார்ச் 4, இரவு 8.50 · பதிமூணு ஸ்பேனர்

வழியில நின்னுட்டா என்னங்கறதையும் எழுதிடறேன். சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க. திறந்த நொடியில அழுத்தம் விடுபட்டு உள்ள இருக்கறது மொத்தமும் கொதிச்சு மேல பீய்ச்சும், முகம் வெந்துபோகும். பானெட்டைத் திறந்து வச்சிட்டு அரைமணியாவது, முடிஞ்சா முக்கால்மணி காத்திருங்க. மேல் ஹோஸை துணி வச்சு அழுத்தினா விறைப்பில்லாம அமுங்கணும். அப்புறம் தடித்த துணியைப் போட்டு மூடியைக் கால் சுத்து திருப்பி, சீற்றம் அடங்கின பிறகு முழுசா எடுங்க.

சாதாரணத் தண்ணி ஊத்தலாம், அவசரத்துக்குத் தப்பில்ல. ஆனா கொதிச்ச இன்ஜின்ல சில்லுன்னு குடத்தோட கவுக்காதீங்க. ஹெட் விரிசல் விடும், சீலோட செராமிக் முகமும் வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா, இன்ஜின் ஐடில்ல ஓடிட்டிருக்கும்போது ஊத்தணும். ஏசியை அணைச்சிட்டு, வேர்த்துக் கொட்டினாலும் ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு ஓட்டுங்க. அது ஒரு குட்டி ரேடியேட்டர்.

மார்ச் 5, காலை 8.20 · எல்போர்டு

பிரஷர் டெஸ்ட் பண்ணியாச்சு. வீப் ஹோல்தான், சொட்டுச் சொட்டா வருது. டைமிங் பெல்ட்ல ஓடற பம்ப். பெல்ட் மாத்தி பாதி ஆயுசுதான் ஆச்சு, அதை அப்படியே திரும்ப மாட்டலாமா? பம்ப் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மார்ச் 5, காலை 10.00 · வீப்ஹோல்

கூலன்ட்ல நனைஞ்ச டைமிங் பெல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது. ரப்பர் ஊறும், பல் பிரியும். நனையலைன்னாலும், அங்க போய்ச் சேர்றதுக்கே முக்கால்வாசிக் கூலி போயிடுது. பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கறது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டற உருளை), பம்ப் நாலும் ஒரே கிட்டா வரும், அதையே போடுங்க. இதே கணக்குலதான் பெல்ட் மாத்தற நாள் வந்தா ஒழுகாத பம்ப்பையும் சேர்த்து மாத்தறாங்க.

பம்ப் வாங்கும்போது பழசைக் கையில வச்சுக்கிட்டு ஒப்பிடுங்க. போல்ட் ஓட்டைகள், ஃபிளான்ஜ் உயரம், இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளற இறக்கைச் சக்கரம்) விட்டம், இம்பெல்லருக்கும் கேஸ்கட் முகத்துக்கும் இருக்கற ஆழம். இறக்கை எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குங்கறது ரொம்ப முக்கியம். ஒரே இன்ஜின் குடும்பத்துலயே வி-பெல்ட் காலத்து பம்ப் ஒரு திசையிலயும், செர்பென்டைன் பெல்ட்டோட (எல்லாப் புல்லியையும் சுத்தி ஓடற ஒரே நீள பெல்ட்) முதுகுல ஓடற பம்ப் எதிர்த் திசையிலயும் சுத்தும். வெளிய பார்த்தா ரெண்டும் ஒரே அச்சு. மாத்தி மாட்டினா ஒழுகாது, சத்தம் போடாது, ஆனா சூடு ஏறும். ஏன்னே தெரியாம தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்னு வரிசையா மாத்திட்டே போவாங்க.

இம்பெல்லர் வார்ப்பா, தகடா, பிளாஸ்டிக்கான்னு சண்டை வேண்டாம். நல்ல பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. மட்டமான பிளாஸ்டிக் ஷாஃப்ட்ல பிடி விட்டு, புல்லி சுத்தும், இம்பெல்லர் நிக்கும். பார்ட் நம்பரை வச்சு கம்பெனி தரத்துல வாங்குங்க.

மார்ச் 5, காலை 10.40 · பதிமூணு ஸ்பேனர்

டைமிங் செயின்ல, அதுவும் கவருக்குள்ள ஓடற பம்ப் சிலது இருக்கு. குறுக்கா படுக்க வச்ச சில வி6 இன்ஜின்கள் அந்த ரகம். அதுல சீல் மோசமா போனா கூலன்ட் நேரா சம்ப்ல (இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டி) இறங்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் லெவல் தானா ஏறியிருக்கும், பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது, பேரிங் ஷெல் போயிடும். ஆயில் மூடிக்கு அடியில மட்டும் லேசா வெண்ணெய் மாதிரி இருந்து, டிப்ஸ்டிக் சுத்தமா இருந்தா அது குட்டிக் குட்டிப் பயணத்துல படற ஈரம். அதுக்குப் போய் இன்ஜினைப் பிரிக்காதீங்க.

மார்ச் 5, பகல் 12.15 · வீப்ஹோல்

வேலையை எழுதிடறேன். டைமிங் பூட்டற முறையும் டார்க் அளவும் உங்க இன்ஜினோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கறதுதான் கடைசி வார்த்தை. இங்க சொல்றது பொதுவானது.

முதல்ல பெல்ட்டுகளோட பாதையை போட்டோ எடுங்க. வெளி பெல்ட்ல ஓடற பம்ப்னா புல்லி போல்ட்டுகளை பெல்ட் இறுக்கமா இருக்கும்போதே லூசாக்கிடணும். பெல்ட்டை எடுத்துட்டா புல்லி கூடவே சுத்தும், பிடிக்க வழியிருக்காது.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. கூலன்ட்டை ரேடியேட்டர் அடி பிளக் வழியா அகலமான தட்டுல வடியுங்க. பிளாக்ல தனியா ஒரு வடிகால் போல்ட் இருந்தா அதையும் திறங்க, இல்லைன்னா பம்ப்பைப் பிரிக்கும்போது ரெண்டு லிட்டர் சட்டைக்குள்ள வரும். எத்தனை லிட்டர் வடிஞ்சுதுன்னு அளந்து எழுதி வைங்க, அப்புறம் உபயோகப்படும். வடிச்சதைத் திறந்து வைக்காதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய் செத்துடும். குழந்தைங்க இருக்கற வீடுன்னா சொல்லவே வேண்டாம்.

டைமிங் பக்கத்து இன்ஜின் மவுன்ட்டைக் கழட்டணும்னா சம்ப்புக்கு அடியில கட்டை வச்சு ஜாக்கால தாங்கிக்கங்க. வண்டி நிக்க வேண்டியது ஸ்டாண்ட் மேல, ஜாக் மேல இல்ல. கிராங்க்கை (பிஸ்டன்கள் சுத்திவிடற தண்டு) டிடிசிக்கு, அதாவது முதல் பிஸ்டன் உச்சியில நிக்கற நிலைக்குக் கொண்டுவந்து, கேம் (வால்வைத் திறக்கற தண்டு), கிராங்க் ரெண்டையும் பூட்டு ஊசியால பூட்டுங்க. அப்புறம்தான் டென்ஷனரைத் தளர்த்தணும்.

பம்ப் போல்ட்டுகள் ஒரே நீளம்னு நினைக்காதீங்க. ஒரு அட்டையில பம்ப் படத்தை வரைஞ்சு, ஓட்டை போட்டு, எடுக்கற போல்ட்டை அதே இடத்துல குத்தி வைங்க. நீள போல்ட் குட்டை ஓட்டைக்குப் போனா அடி தட்டி பிளாக் வெடிக்கும், இல்லைன்னா இறுகின மாதிரி காட்டிட்டு கேஸ்கட் லூசா நிக்கும். அலுமினியத்துல பிடிச்சுப்போன எம்6 போல்ட்டை ஒரே மூச்சுல திருப்பினா தலை கையில வந்துடும். துரு இளக்கற எண்ணெயை முந்தின நாளே விட்டு, சுத்தி இருக்கற உலோகத்தைச் சூடாக்கி, இறுக்கற பக்கம் ஒரு நூல், திறக்கற பக்கம் ஒரு நூல்னு மாத்தி மாத்தி அசைக்கணும்.

போல்ட் எல்லாம் எடுத்த பிறகும் பம்ப் வரலைன்னா ரப்பர் சுத்தியால பக்கவாட்டுல தட்டுங்க. ஸ்குரூடிரைவரைக் கேஸ்கட் முகத்துல நுழைச்சு நெம்பினா அந்தக் கீறல்தான் நாளைக்கு ஒழுகும். முகத்தை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டுங்க. டிரில்ல மாட்டற உரசு வட்டு வேண்டாம். அலுமினியத்துல பள்ளம் பறிக்கும், அந்தத் தூள் ஆயில்ல கலந்தா இன்ஜின் பேரிங்கையே தின்னும். துணியால ஓட்டைகளை அடைச்சிட்டு வேலை பார்த்து, மறக்காம துணியை எடுத்துடுங்க.

புது பம்ப்பைக் கையால மெதுவா ஒரு தரம் சுத்திப் பாருங்க, லேசா கனமா இருந்தா பரவாயில்ல. சுத்தியால ஒரு தட்டுகூடப் படக் கூடாது. போல்ட்டை எல்லாம் விரலால கடைசி வரை ஏத்திட்டு, எதிரெதிரா ரெண்டு மூணு சுத்துல இறுக்குங்க. எம்6னா 10 நியூட்டன் மீட்டர் பக்கம், எம்8னா 20-25 பக்கம் இருக்கும். எந்த போல்ட்டாவது தண்ணி ஓடற அறைக்குள்ள போய் முடிஞ்சா அதோட மரைக்கு சீலன்ட் தடவணும், இல்லைன்னா மரை வழியாவே வெளிய வரும்.

டைமிங் பெல்ட் போட்டதும் பூட்டு ஊசியை எடுத்துட்டு கிராங்க்கைக் கையால முழுசா ரெண்டு சுத்து சுத்தி, குறிகள் திரும்ப அதே இடத்துல நிக்குதான்னு பாருங்க. எங்கயாவது தட்டினா நிறுத்துங்க, பலத்தைக் காட்டாதீங்க. சாவியைத் தொடறது இதுக்கு அப்புறம்தான்.

மார்ச் 5, பகல் 12.50 · டீசல்வாசனை

கேஸ்கட்டுக்கு ரெண்டு பக்கமும் சிலிக்கான் நல்லா அப்பிட்டா ஜென்மத்துக்கும் ஒழுகாது. இதை எழுதலையே?

மார்ச் 5, பகல் 1.10 · பதிமூணு ஸ்பேனர்

வந்துட்டாருய்யா சிலிக்கான் சித்தர்.

மார்ச் 5, பகல் 1.35 · வீப்ஹோல்

வேணும்னேதான் எழுதலை. ஓ-ரிங்கோ, உலோகத்துல ரப்பர் பதிச்ச கேஸ்கட்டோ வந்திருந்தா சிலிக்கான் ஒரு சொட்டுகூட வேண்டாம். அது வழுக்கிவிட்டு ரிங்கைப் பள்ளத்துலேர்ந்து வெளிய தள்ளும். ஓ-ரிங்கை கூலன்ட்ல நனைச்சு மாட்டினாலே போதும். சாதா கிரீஸும் இன்ஜின் ஆயிலும் தடவாதீங்க; கூலன்ட் பக்கத்து ரிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிப்போகும்.

பேப்பர் கேஸ்கட்னா மெல்லிசா ஒரு பூச்சு, அதுவும் கேஸ்கட் நழுவாம இருக்கத்தான். கேஸ்கட்டே இல்லாம சிலிக்கான்ல மட்டும் உக்கார்ற பம்ப்னா 2-3 மில்லிமீட்டர் தடிமன்ல அறுபடாத ஒரு கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா சுத்தி வரணும். அப்பினா வெளிய எவ்வளவு பிதுங்குதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ஞ்சு போய் ரேடியேட்டர் குழாய்ல, தெர்மோஸ்டாட் வாய்ல மாட்டும். டியூப்ல போட்டிருக்கற காயற நேரத்தைப் பாருங்க, பல ரகத்துக்கு முழுசா 24 மணி. அதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி அழுத்தம் ஏத்தினா வீண்.

மார்ச் 6, காலை 7.30 · எல்போர்டு

கூலன்ட் பச்சையா, சிவப்பா? கலந்தா என்ன ஆகும்?

மார்ச் 6, காலை 9.05 · வீப்ஹோல்

நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது, அது கம்பெனி ஊத்தற சாயம். பார்க்க வேண்டியது மேனுவல்ல போட்டிருக்கற ஸ்பெசிபிகேஷன். சிலிக்கேட் சேர்ந்த பழைய வகையையும் ஆர்கானிக் ஆசிட் வகையையும் கலந்தா துருத்தடுப்பு ஆயுசு சட்டுன்னு குறையும். ஃபோக்ஸ்வாகன் ஜி11, ஜி12 மாதிரி சில ஜோடிகள் பழுப்புச் சேறாவே திரிஞ்சுபோகும். இப்போ என்ன ஊத்தியிருக்குன்னே தெரியலைன்னா முழுசா ஃபிளஷ் பண்ணிட்டு ஒரே வகையா ஊத்துங்க.

ஃபிளஷ் பண்றவங்க பல பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர்னு வச்சுக்கங்க. தண்ணி விட்டு அலசி வடிச்ச பிறகும் பிளாக்லயும் ஹீட்டர் கோர்லயும் ரெண்டு லிட்டர் வெறும் தண்ணி நின்னுடும். அதுக்கு மேல 50:50 ரெடிமேட் கலவையை 4 லிட்டர் ஊத்தினா கிடைக்கறது 33 சதவீதம்தான். அதனால கான்சென்ட்ரேட் வாங்கி முதல்ல 3 லிட்டரை ஊத்துங்க, மிச்ச இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால நிரப்புங்க. வடிச்சதை அளந்து வைக்கச் சொன்னது இந்தக் கணக்குக்குத்தான். கான்சென்ட்ரேட் நல்லதாச்சேன்னு 70 சதவீதத்துக்கு மேல போகாதீங்க, கிளைக்கால் தண்ணியளவுக்குச் சூட்டைக் கடத்தாது.

போர் தண்ணி வேண்டவே வேண்டாம். அந்த உப்பு சூடான உலோகத்துல சுண்ணாம்பா படியும், அதுல உதிர்ற துகள் சீல் முகத்தைக் கீறும்.

மார்ச் 6, காலை 9.40 · பதிமூணு ஸ்பேனர்

பம்ப் ஏன் போச்சுன்னு யாருமே கேக்கலை. புது பம்ப்பும் சீக்கிரமே சொட்டினா கடைக்காரரைத் திட்டறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்க்கணும்: பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமா, புல்லிகள் ஒரே கோட்டுல இருக்கா, பம்ப் மேலயே ஃபேன் மாட்டற வண்டின்னா ஃபேன் இறக்கை உடைஞ்சு அதிருதா, ஃபேன் கிளட்ச் ஆடுதா, கூலன்ட் எத்தனை வருஷப் பழசு.

எர்த்திங் கோளாறும் ஒரு காரணம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, கருப்பை பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பை ரேடியேட்டர் வாய் வழியா உலோகத்துல படாம கூலன்ட்ல முக்குங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போதே இதைப் பண்ணணும். 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஒண்ணு கூலன்ட் அமிலமாயிடுச்சு, இல்லைன்னா எங்கயோ எர்த் சரியில்லாம கரண்ட் கூலன்ட் வழியா ஓடுது. லைட், ஃபேன், ஸ்டார்ட்டர்னு ஒவ்வொண்ணா போடும்போது எதுல அளவு எகிறுதோ அதோட எர்த் ஒயரைத் தேய்ச்சு இறுக்குங்க.

மார்ச் 8, மாலை 5.45 · எல்போர்டு

மாட்டியாச்சு. ரெண்டு சந்தேகம். டேஷ்போர்டுக்குள்ள தண்ணி ஓடற மாதிரி கொடகொடன்னு சத்தம், ஹீட்டர்ல சூடு விட்டு விட்டு வருது. இன்னொண்ணு, புது பம்ப்போட வீப் ஹோல்லயும் முதல் ஓட்டத்துல ரெண்டு சொட்டு. கழட்டிடவா?

மார்ச் 8, மாலை 6.30 · வீப்ஹோல்

ரெண்டாவதை முதல்ல சொல்றேன். கழட்டாதீங்க. புது சீலோட ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு பழகி உக்கார்ற வரைக்கும், முதல் பத்து நிமிஷ ஓட்டம்போல, சொட்டுச் சொட்டா வர்றது உண்டு. துடைச்சிட்டு, முழுசா சூடாக்கி ஆறவிட்டு, திரும்பப் பாருங்க. அப்பவும் ஈரம் வந்தா அந்த பம்ப்பைத் திருப்பிக் கொடுங்க. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி சத்தம் கேக்கலாம்னு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணியிருந்தா மட்டும் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. காஞ்சு ஓடின சீல் சில நொடியிலேயே கருகும்.

கொடகொட சத்தம் ஏர் லாக், அதாவது உள்ள காத்து மாட்டிக்கிச்சு. வண்டியோட முன்பக்கம் உசரமா இருக்கற மாதிரி சரிவுல நிறுத்துங்க. ஆறின இன்ஜின், மூடி திறந்து, ஹீட்டர் முழுச் சூட்டுல. பிளீடர் ஸ்குரூ (காத்தை வெளிய விடற திருகு) இருந்தா அதுல குமிழி நின்னு ஒரே தாரையா கூலன்ட் வர்ற வரைக்கும் ஊத்தி, மூடுங்க. ரேடியேட்டர் வாயில இறுக்கமா உக்கார்ற புனலை வச்சு, பாதி வரைக்கும் கூலன்ட் நிறுத்தி, இன்ஜினை ஐடில்ல விடுங்க. மேல் ஹோஸை அப்பப்போ பிசைஞ்சு விடுங்க. தெர்மோஸ்டாட் 82-95 டிகிரிக்குள்ள எங்கயாவது திறக்கும். அப்போ புனல்ல லெவல் திடீர்னு இறங்கும், பெரிய குமிழியா வரும், கீழ் ஹோஸும் சூடாகும். ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் விடுங்க. அணைச்சு, ஆறவிட்டு, லெவல் பாருங்க. அடுத்த சில நாள் காலையில குளிர்ல பார்த்து, கொஞ்சம் இறங்கினா ஊத்திக்கலாம்.

மார்ச் 8, இரவு 7.15 · டீசல்வாசனை

எலக்ட்ரிக் பம்ப் வண்டிக்கு இது வேலைக்காகாது. 2009ல வந்த மூணாம் தலைமுறை ப்ரியஸ்ல பெல்ட்டே கிடையாது, பம்ப் தனி மோட்டார்ல ஓடுது. இன்ஜின் ஐடில்ல ஓடினா பம்ப்பும் ஓடும்ங்கற கணக்கே அங்க செல்லாது.

மார்ச் 8, இரவு 7.40 · வீப்ஹோல்

நல்ல பாயின்ட். எலக்ட்ரிக் பம்ப்னா பம்ப்பை ஓடவிடற பிளீடிங் முறை தனியா இருக்கும், இல்லைன்னா ஸ்கேனர்ல கட்டளை கொடுக்கணும். எலக்ட்ரிக் பம்ப் இருக்கற பல பிஎம்டபிள்யூல இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை உச்ச சூட்டுலயும் காத்தைக் குறைஞ்ச வேகத்துலயும் வச்சு, ஆக்சிலரேட்டரை 10 நொடி முழுசா மிதிச்சா பம்ப் தானா 12 நிமிஷம்போல ஓடிக் காத்தை வெளியேத்தும். பேட்டரி சார்ஜரை மாட்டிட்டுப் பண்ணணும்.

மார்ச் 9, மாலை 4.20 · எல்போர்டு

சத்தம் போயிடுச்சு, ஹீட்டர் சீரா வருது, வீப் ஹோல் காஞ்சிருக்கு. பத்தாம் நம்பர் சாக்கெட்டைத்தான் காணோம்.

மார்ச் 9, மாலை 4.35 · பதிமூணு ஸ்பேனர்

சிரிச்சிட்டு விட்டுடாதீங்க. பெல்ட் கவருக்குள்ள இல்லைன்னு உறுதி பண்ணாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

மார்ச் 9, மாலை 5.10 · எல்போர்டு

அடி கவர் மடிப்புல இருந்துச்சு.

மார்ச் 9, மாலை 5.30 · வீப்ஹோல்

கவரைப் போடறதுக்கு முன்னாடி, வெளி பெல்ட்ல பழைய கூலன்ட் பட்டிருந்தா அதையும் மாத்திடுங்க, துடைச்சா போகாது, குளிர்ல கீச்சிடும். வடிச்ச கூலன்ட்டை மூடி போட்ட கேன்ல, பேர் எழுதி, கழிவு எடுக்கற ஒர்க்‌ஷாப்ல கொடுங்க. சாக்கடையிலயோ மண்ணுலயோ வேண்டாம். பெல்ட்டும் பம்ப்பும் மாத்தின கிலோமீட்டரை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி டைமிங் கவர் மேல ஒட்டிடுங்க.